பதினாறு எண்ணிக்கை ஓய்வு

செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளை.
இசைக்கு ஒதுக்கியது அதுதான்,
கணக்கு டீச்சர் கடன் கேட்காத வாரங்களில்.

படிவம் ஒன்றில் நாற்பது ரெக்கார்டர்,
நாற்பது எச்சில்,
நாற்பது விதமாக ஒரே சுரம்.
நூருல் அக்மா டூடோங் நுனியால் துடைத்துக்கொள்வாள்.
பட்டர்வொர்த் ஃபெர்ரி ஊதினால்
"அதுக்கும் சுருதி சேரல டீச்சர்" என்பாள் ஹுய் மின்.

லோஷினி பாடுவதே இல்லை என்று
எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று.
உதடு சரியாக அசையும்.
மூச்சுகூட எடுப்பாள், எடுக்கவேண்டிய இடத்தில்.
ஒருநாள் பக்கத்தில் போய் நின்றேன்:
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

திட்டவில்லை.
"நடுவில் பதினாறு எண்ணிக்கை ஓய்வு வருதில்ல,
எல்லாரும் அவசரப்படுறாங்க.
நீ எண்ணு."

எண்ணினாள்.
படிவம் மூன்று முழுக்க, நான்கு முழுக்க
அவள் விரல் தொடையில் தட்ட
முப்பத்தொன்பது பெண்கள்
அவள் கண்ணைப் பார்த்து உள்ளே நுழைந்தார்கள்.

ஐந்தாம் படிவத்தில் இசை எடுத்தவர்கள் ஆறு பேர்.
அவள் கணக்கியல்.
ஆனாலும் செவ்வாய் தவறாமல் வந்து
கதவோரம் நிற்பாள்,
புத்தகப்பையை இறக்காமல்.

கடைசி நாள். மழை.
கொம்தார் பேருந்து இன்னும் வரவில்லை.
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
முதுகுக்குப் பின்னால் பாட்டு.
கரகரத்த குரல், மூன்றாம் அடியில்
கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.
நான் திரும்பவில்லை.

ஓய்வு வந்தது.
எண்ண ஆரம்பித்தேன்;
ஒன்பதிலோ பத்திலோ விட்டுவிட்டேன்.

அவள் நுழைந்தாள்.