வெறும் எடை

லியபாயா துறைமுகத்தில் என் வேலை
லாரியை நிறுத்தி, நிறுத்து, எழுதுவது.
சரக்கோடு வந்தால் ஒரு எடை,
கொட்டிவிட்டுத் திரும்பினால் வெறும் எடை.
அதில் இது போனால் மீதி கோதுமை.

இரண்டு லாரிக்கு நடுவே நாலு நிமிடம்.
நாலு நிமிடத்தில்
காலுறையில் இரண்டு சுற்று ஏறிவிடும்.
மர லாரிகள் வரிசை கட்டும் வெள்ளிக்கிழமை
குதிகாலிலேயே நின்றுவிடும்.
புயல் எச்சரிக்கைதான் எனக்குப் பண்டிகை:
கிரேன்கள் கைகட்டி நிற்கும்,
நான் கட்டுவதில்லை.

என் சம்பளத்துக்குப் புது நூல் ஏணி வைத்தாலும் எட்டாது.
திங்கள்தோறும் டிராம் கடைசி நிறுத்தத்தில்
பழந்துணிக் கடையில்
கிலோ கணக்கில் ஸ்வெட்டர் வாங்குகிறேன்.
தராசில் போட்டபடி ஸர்மீதே கேட்பாள்,
"உனக்கு இது பெரிசில்லையா?"
பெரிசாகத்தான் வேண்டும்.
போடவா வாங்குகிறேன், பிரிக்க.

பக்கத் தையலை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.
தப்பான இழையில் கத்தரி பட்டால்
அரை ஸ்வெட்டர் முழம் முழமாகப் போய்விடும்.
பிறகு கழுத்து.
பின்னியவர் பெருமூச்சு விட்டு
முடிச்சுப் போட்ட இடம்
எனக்குப் பிள்ளையார் சுழி.

இந்த வாரம் கிடைத்தது சாம்பல் நிறம், ஆண்கள் அளவு,
எழுநூற்றுப் பத்து கிராம்.
முழங்கை இரண்டும் தேய்ந்திருந்தன, இடது கொஞ்சம் அதிகம்.
நாற்காலி முதுகில் சுற்றச் சுற்ற
நூல் நேராக வராமல்
சேமியா மாதிரி நெளிந்தது.

கழுத்திலிருந்து அக்குள் வரை இளகிய கை.
ஒரு இழு, ஒரு வரிசை.
அதற்குக் கீழே
சட்டென்று பிடித்துக்கொண்டது.
ஒவ்வொரு கண்ணியும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
நூல் அதேதான்.
ஆள் வேறு.

தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் ஒருவர்.
நான் தலைகீழாக வாசிப்பதால்
முடித்தவரை முதலில் சந்தித்தேன்.

கைவலியோ, சண்டையோ, சாவோ.
"இந்தா, நீயே போட்டுக்கோ" என்று
மடியில் எறிந்துவிட்டுப் போன சலிப்போ.
சலிப்பு என்றே வைத்துக்கொண்டேன்,
அன்று இரவு தூங்க வேண்டியிருந்தது.

ஆக்ரிஸும் நானும் பிரிந்தோம்
என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.
ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் போதும்,
நடந்ததா செய்ததா என்று தெரிந்துவிடும்.

இரண்டு கையும் சேர்ந்த வரிசையில்
மிளகு அளவு ஒரு முடிச்சு.
ஊசியால் குத்தினேன், நகம் உடைந்தது,
கடைசியில் வெட்டினேன்.

குளியலறையில் நனைத்துத் தொங்கவிட்டு
அடியில் தண்ணீர் பாட்டில் கட்டினேன்.
மூன்று நாள் தலை குனிந்துதான் பல் தேய்த்தேன்.
காய்ந்ததும் நிறுத்துப் பார்த்தேன் (தொழில் புத்தி):
அறுநூற்று நாற்பது.
எழுபது கிராம் எங்கே?
தூசி, தையல், யாரோ ஊன்றி உட்கார்ந்த முழங்கை.
என் பேரேட்டில் இதற்குப் பத்தி இல்லை.

இல்க்வார்ஸ் மர லாரி ஓட்டுகிறார்.
இடது காலில் இரண்டு விரல் கிடையாது,
கடைக் காலுறை நுனியில் மடிந்து கடிக்குமாம்.
ஒன்று பின்னினால் இன்னொன்றுக்கு மனம் வராத எனக்கு
ஏற்ற வாடிக்கையாளர்:
இரண்டும் வேறு வேறு கணக்கு.
இறுகிய பாதியின் நெளிவு கழுவியும் போகவில்லை.
அதை இடதுக்கு எடுத்தேன்,
இளகியதை வலதுக்கு.
ஒன்றையொன்று விட்டுப்போனவர்கள்
இனி ஒரே பெடல் பலகையில்.

இன்று காலை அவர் லாரி மேடையில் ஏறியது.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும்
என் இயந்திரம் மதிப்பதில்லை.
சீட்டை நீட்டினேன்.
அவர் கதவைத் திறந்து, பூட்ஸைக் கழற்றி,
இடது காலைக் குளிரில் நீட்டி
இல்லாத விரல்களை ஆட்டிக் காட்டினார்.

பின்னால் ஏழு லாரி.
ஹாரன் அடிக்கிறார்கள்.