மூன்றாம் தடம்

வல்கா ரயில் நிலையத்தில்
முப்பத்தோரு வருடம் தடம் மாற்றிக் கொடுத்தவன் நான்.
எந்த வண்டி எங்கே நிற்கிறதென்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
அதனால்தான்
லேத்துக்குப் பின்னால் சுவரில்
கழிவுநீர்க் குழாயைச் சாண் சாணாக அறுத்து
சாய்த்துத் திருகி வைத்தேன்.
பன்னிரண்டு குழாய். பன்னிரண்டு தடம்.

முதலில் குழாய்களுக்கு அடி வைத்திருந்தேன்.
சீவல் விழுந்து நிரம்பி,
பனிக்கால ஈரம் அதில் ஊறி,
ஒரே வாரத்தில் இரண்டு உளிகளுக்குத் தாடி முளைத்தது.
பிறகு அடியைத் திறந்துவிட்டு
பிடி நிற்க ஒரு கம்பி மட்டும் குறுக்கே கொடுத்தேன்.
விழுவது விழட்டும், நிற்பது நிற்கட்டும்.

பிடி கீழே, முனை மேலே.
முனை தெரிந்தால்தான் உளிக்குப் பெயர்.
பிடியைப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் மரம்,
ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.
"கை கிழியும்" என்றாள் ஹெல்யு.
கிழிந்தது.
இரண்டாம் முறை அவளிடம் சொல்லவில்லை.

ஒன்று, இரண்டு: உருட்டு உளிகள்.
மூன்று: கிண்ணம் குடையும் உளி,
என் ஒரு மாதப் பென்ஷனில் பாதி.
நான்கில் சாய்முனை, எனக்கு இன்றுவரை அடங்காதது.
மற்றதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.
பன்னிரண்டில் ஒரு பழைய திருப்புளி,
காலியாக விட மனமில்லாமல்.

நவம்பரில் ஒரு நாள்
மூன்றாம் தடம் காலி.

மேசையடி, சாணைக்கல் பெட்டி,
மேல்சட்டைப் பை,
வெட்கத்தோடு சொல்கிறேன், குளிர்பதனப் பெட்டி.
எங்கும் இல்லை.
முந்தின ஞாயிறு வந்து போனது
கல்யு மட்டும். ஹெல்யுவின் தம்பி.

"அவனிடம் லேத்தே கிடையாது," என்றாள் அவள்,
"உளியை வைத்து என்ன செய்வான்?"
"பெயின்ட் டப்பா மூடியை நெம்புவான்," என்றேன்.
சொன்னதும் காட்சி கண்முன் வந்துவிட்டது:
என் உளி, அவன் டப்பா,
பச்சை பெயின்ட் வழியும் முனை.
அன்றிரவு தூங்கவில்லை.

சந்தேகமும் சாணையில் வைத்த இரும்புதான்.
தேயத் தேயக் கூர்.
கிறிஸ்துமஸுக்கு அவன் கொண்டுவந்த ரத்தப் பொரியலை
உப்பு அதிகம் என்று தள்ளி வைத்தேன்.
சௌனாவில் அவன் பக்கமாகத் தண்ணீரைக் கொஞ்சம் கூடவே ஊற்றினேன்.
பாவி, "நல்ல சூடு" என்றான்.

ஏப்ரலில் பனி உருகியதும்
பக்கத்து வீட்டு லெய்லி கதவைத் தட்டினாள்.
முட்டை அட்டையில் சுற்றி ஏதோ நீளமாக.
"கோழிக்கூட்டைச் சுத்தம் செய்தேன்.
நீங்கள் கொடுத்த சீவல் மூட்டையில் இது இருந்திருக்கிறது.
சாம்பல் கோழி ஒன்று
மாதக்கணக்கில் இதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது,
எழுப்பினால் கொத்துவாள்."

குடைவின் பள்ளத்தில் உலர்ந்த எச்சம்,
தண்டு முழுக்கத் துரு மச்சம்.
பிடி மட்டும்
நான் எண்ணெயிட்டு ஒருநாளும் வராத பளபளப்பில்.

சாணை பிடித்தேன்.
பொறி பறந்தது. மூன்றில் நிறுத்தினேன்.
ஹெல்யு எதுவும் கேட்கவில்லை.
அவள் கேட்காத விதம் இருக்கிறதே,
அதற்குப் பதில் சொல்ல எவனாலும் ஆகாது.

ஜூனில் வேலிக்குச் சாயம் அடிக்க
கல்யு வந்தான், நான் கூப்பிட்டுத்தான்.
கூப்பிட்டேனே தவிர காரணம் சொல்லவில்லை.
பட்டறை வாசலில் நின்று கேட்டான்:
"இந்த டப்பா மூடியைத் திறக்க ஏதாவது இருக்கா?"

மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
என் கை
சிக்னல் விழாத சரக்கு வண்டியாய்
கொஞ்ச நேரம் நின்றது.

திருப்புளியைத்தான் கொடுத்தேன்.
அதையும் இன்னும்
திருப்பித் தரவில்லை.