மூன்று வெடி

விரல் நீளப் பித்தளை.
ஒரு நுனியில் றப்பர் வளையம், மறு நுனியில் சிவப்பு.
சுங்கத்தில் ஐந்து மாதம் கிடந்தது.
இது வெடிக்குமா என்று கேட்டார்கள்.
வெடிக்காமல் வேலை செய்யத்தான் ஐயா இது என்று
மூன்று மொழியிலும் எழுதிக் கொடுத்தோம்.

கல்லுண்டாய் வெளியோரம் பழைய ஐஸ் தொழிற்சாலை.
கூரை போய்விட்டது, நீளம் போகவில்லை.
ஐம்பது மீற்றர்.
வேறு ஒருவருக்கும் தேவைப்படாததால்
கழகத்துக்குக் கிடைத்தது.

மம்மல் பொழுது. பகலில் புள்ளி தெரியாது.
எமில்ரன் போல்ற்றைக் கழற்றி
நான் பார்க்கும்படி மேசையில் வைத்தான்.
அறைக்குள் விரல் விட்டான். வெறுமை.
நானும் விட்டேன். வெறுமை.
இந்த ஊரில் வெறுமையை
இரண்டு பேர் தொட்டுப் பார்த்தால்தான் நம்பலாம்.

பிறகு குழல் வாயில் பித்தளையைச் செருகினான்.
எதிர்ச் சுவரில் சிவப்பாய் ஒன்று எழும்பி நின்றது.
நெற்றிப் பொட்டு மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன்.
விழுங்கிக்கொண்டேன்.

ஸ்கோப்புக்குள் குனிந்தால்
குறுக்குக் கோடு வேறெங்கோ நிற்கிறது,
சீமெந்து பூசி மறைத்த பழைய ஓட்டை ஒன்றின் மேல்.
புள்ளி அதற்கு இடப்பக்கம் ஒரு சாண், கீழே நாலு விரல்.
கண் பார்க்கிற இடம் ஒன்று,
குழல் பார்க்கிற இடம் இன்னொன்று.
இத்தனை நாளும் இந்தத் துவக்கு இப்படியே இருந்திருக்கிறது,
ஒருவருக்கும் சொல்லாமல்.

கிளிக். கிளிக்.
ஒரு கிளிக்குக்கு மூன்றரை மில்லிமீற்றர்.
நாற்பத்திரண்டில் பாண்காரனின் ஓட்டோ
ரியூனோடு போனது. எண்ணிக்கை பிசகியது.
பரவாயில்லை, புள்ளி அங்கேயே நின்றது.
கோடு மெல்ல மெல்ல வந்து அதில் குந்தியது.

ஒரு வெடியும் வையாமல்
ஒரு துவக்கு நேரானதை
இங்கே முதன்முதலாகப் பார்க்கிறேன்.

"உதோடை காணும் எண்டு நினையாதை" என்றான் எமில்ரன்.
"வெளிச்சத்துக்குப் பாரமில்லை, விழாது.
குண்டு விழும்.
எவ்வளவு எண்டு மூண்டு வெடி வைச்சாத்தான் தெரியும்."

சைக்கிளை எடுத்தேன்.
பதினொரு வீடு.
நாளைக்கு நாலு மணிக்கு மூண்டு வெடி கேக்கும்,
அது நாங்கள்தான், பயப்பிடாதேங்கோ.

கடலுக்குப் போகிற யோகு
பகலில்தான் படுக்கிறவர்:
"நாலுக்கு முதல் எழும்பியிருப்பன், வையுங்கோ."
ரியூசன் வாத்தி அரை மணி பிந்தச் சொன்னார்.
முடியாது, ஏழு வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.
ஒரு வீட்டில், நாய்க்கு ஆர் சொல்லுறது என்றார்கள்.
படலை பூட்டியிருந்த வீட்டில்
கொப்பித் தாளில் எழுதிச் செருகினேன்.

கடைசி வீடு அருந்தவம் அக்கா.
மிளகாய்க் கன்றுகளுக்கு மோட்டரில் தண்ணி ஓடுகிறது.
மோட்டரை நிற்பாட்டிவிட்டுத் திரும்பவும் சொல்லச் சொன்னா.
சொன்னேன்.
"மூண்டுதானே?"
ஓம்.
"நாலாவது கேட்டா?"
கேட்டா அது நாங்களில்லை அக்கா, என்றேன்.
சொல்லியிருக்கக்கூடாது.
வீடு வரும்வரை அதையே மிதித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் முதல் வேலையாய்ப் பித்தளையைக் கழற்றி,
பெட்டியில் போட்டு, பெட்டியை எமில்ரனின் கையில் கொடுத்தேன்.
அதை மறந்து சுட்டால் குழல் கிழியும்.

ஒன்று. தாளில் பட்டது,
ஆனால் ஒளி சொன்ன இடத்துக்கு அரைச் சாண் கீழே.
ஏற்றினேன்.
இரண்டு. கிட்ட.
ஏற்றினேன்.
மூன்று. உயரம் சரி, வலப்பக்கம் ஒரு விரல்.

ஐந்து கிளிக் திருப்பினேன்.
சரியோ என்று தெரிய இன்னொன்று வேண்டும்.
சனிக்கிழமை போட்டி.
எமில்ரன் என்னைப் பார்த்தான்.
நான் போல்ற்றைக் கழற்றினேன்.

வெளியெல்லாம் காது.
கொக்குகூட எழும்பவில்லை.
கன நேரத்துக்குப் பிறகு
அருந்தவம் அக்கா வீட்டுப் பக்கம்
தண்ணி மோட்டர் இருமி இருமித் திரும்ப ஓடத் தொடங்கியது.