தட்டு எண் 418

அம்பாசமுத்திரத்தில் கேபிள் சேனலை மூடியபோது
மாசானமுத்து ஓர் உரச்சாக்கில் கட்டி
என் வாசலில் இறக்கினார்
எழுநூற்றுப் பன்னிரண்டு சிடிகளை.
"எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்ல ஏத்திரு.
ஒண்ணுக்கு அஞ்சு ரூவா.
ஓடாததுக்குக் காசு கிடையாது, பாத்துக்கோ."

முதல் டிரைவ் வாயைத் திறக்கவில்லை.
முகப்பில் ஓர் ஊசித்துளை இருக்கும்,
பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக் குத்தினால்
பல்லிளித்துக்கொண்டு வெளியே வரும்.
உள்ளே ரப்பர் பெல்ட் தொய்ந்திருந்தது.
கொதிநீரில் அரை நிமிடம் போட்டேன், சுருங்கியது.
மூன்று நாள் ஒழுங்காக ஓடி
நான்காம் நாள் தன் வயசை ஞாபகம் வைத்துக்கொண்டது.

இரண்டாவதற்கு மின்சாரம் போதவில்லை.
ஒரே கேபிளில் இரண்டு மூக்கு வைத்து
இரண்டு துளையிலும் செருகினேன்.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
ஊர் ஃபேன்களெல்லாம் ஓடும் வேளையில்
அது மட்டும் மூச்சு வாங்கும்.

துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு.
எனக்குக் கை வட்டமாகத்தான் போகும்,
பரோட்டாக் கடையில் மூன்று வருசம்
கல் துடைத்த கை.
வட்டமாகத் துடைத்தால் கீறலும் தடத்தோடேயே ஓடி
ஒரே இடத்தை நெடுக அழித்துவிடும்.
என் கைக்கு நானே
நேர்கோடு சொல்லிக்கொடுத்தேன்.

வேகத்தைக் குறைத்தேன்,
நாற்பத்தெட்டிலிருந்து நாலுக்கு.
லென்ஸில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு.
ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுத்து
இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தேன்.
அறுநூற்று ஐம்பத்தொன்று தேறியது.

மிச்சம் அறுபத்தொன்று.
எல்லாமே ஒரு அக்டோபரில் தொடங்கி
மாசியில் முடிகிறவை.
கீறலில்லை, பூஞ்சையில்லை,
வெளிச்சத்தில் பிடித்தால் நல்ல பச்சை மினுக்கம்.
உள்ளே போட்டால்
டிக், டிக், டிக்,
பிறகு மௌனம்.
சவத்து மூதி என்று டிரைவைத்தான் வைதேன்.

வண்ணார்பேட்டை பீர்முகம்மது
ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு
திருப்பிக் கொடுத்தான்.
"எலே, தட்டு நல்லாத்தான் இருக்கு.
எழுதுன டிரைவு கோணல்.
கோணலா எழுதுனத நேரா இருக்கவன்
எப்பிடிடே வாசிப்பான்?
அவனையே கூப்பிடு."

அவன் கல்லிடைக்குறிச்சியில் இருந்தான்,
மாசானமுத்துவின் மச்சான் பம்புசெட்டு அறையில்
ஸ்டார்ட்டர் பெட்டி ஆடாமலிருக்க
அடியில் முட்டுக்கொடுத்து.
உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது.
தட்டி எடுத்தேன். பட்டைக் கேபிள் ஒன்றுக்காக
சந்திப்புப் பக்கம் நாலு கடை ஏறினேன்.
பெட்டி ஆடுகிறது என்று அன்று மாலையே
மச்சான் போன் பண்ணி ஏசினார்.
ஒரு செங்கல் வையுங்கள் என்றேன்.

இரும்புத்தூள் அரைக்கிற மாதிரி சத்தம்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
வாசித்தது.
தான் கிறுக்கினதை, தன் சாய்வில் நின்று,
தடங்கலில்லாமல்.

என்ன இருந்தது என்று கேட்பீர்கள்.
பெரிதாக ஒன்றுமில்லை.
பாபநாசம் அணை நீர்மட்டம்,
கத்தரிக்காய் விலை,
வார்டு கூட்டத்தில் நாற்காலி பற்றி இரண்டு மணி நேரம்,
நல்லெண்ணெய் விளம்பரம் பதினேழு தடவை.

நானூற்றுப் பதினெட்டில் மட்டும்
முக்காலும் தாண்டி நின்றுவிட்டது.
நீலச்சேலை கட்டிய அறிவிப்பாளர்:
"சாவிக்கொத்து ஒன்று, ஆறு சாவிகள்,
கண்டெடுத்தவர்கள் தொடர்புகொள்ள வேண்டிய எண்…"
பூஜ்யம் நாலு ஆறு மூணு நாலு, ரெண்டு, அஞ்சு,
அதோடு வாய் திறந்தபடி
சதுரம் சதுரமாகக் கலைந்துபோனார்.
ஒன்பது தடவை ஓட்டினேன்.
ஒன்பது தடவையும் அஞ்சு.

பட்டியலில் எழுதினேன்:
'418. ஓடும். கடைசி நாலு எண் இல்லை.'
மாசானமுத்து அதை வாசித்து யோசித்தார்.
மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு கொடுத்தார்.