இடம் கொடுத்தால்

மூன்று லிட்டர், நாலு சிலிண்டர்.
ஹாராக்ஸ் கணவாய் ஏற்றத்தில்
கேரவன் இழுக்கும் ஓய்வூதியக்காரர்கள்கூட
என்னைத் தாண்டிப் போய்க் கையசைப்பார்கள்.
நானும் அசைப்பேன்.
இரண்டாம் கியரில் கைக்கு வேறு வேலை என்ன?

எழுபத்தொன்பதாம் வருஷத்து லேண்ட்க்ரூசர்,
கடுகு நிறம்.
யாரோ ஒரு ஆட்டுப்பண்ணைக்காரரின் பெயர்
கதவுப் பெயின்டுக்கு அடியில் இன்னும் புடைத்துத் தெரியும்.

போர்ட் அகஸ்டாவில் பழைய வண்டி உடைப்பவன் கேலம்.
என் வாயில் அவன் காலம்.
இரண்டு முறை திருத்தினான், பிறகு விட்டுவிட்டான்.
“நாலு புள்ளி இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர்.
உருண்டுபோன ஆம்புலன்சிலிருந்து எடுத்தது.
ஒரு கீறல் இல்லை.”
உள்ளே இருந்தவர்களுக்கு?
“நான் எஞ்சினைச் சொன்னேன்.”

பொருந்துமா என்றேன்.
காலம் பதில் சொல்லவில்லை.
கிரைண்டரை எடுத்தான்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும்.
முதலில் நாலு விரற்கடைதான் கேட்டது;
ரேடியேட்டரை முன்னால் தள்ளினோம்.
பேட்டரி இருந்த தட்டைக் கேட்டது.
பிறகு என் முழங்காலுக்கு எதிரே இருந்த தகட்டை.
சம்மட்டியால் அடித்துக் குழித்துக் கொடுத்தோம்.
இப்போது நான் கொஞ்சம் சாய்ந்து உட்காருகிறேன்,
மடத்தின் பழைய சாமியார்,
ஓரமாக.

அளவுநாடா மில்லிமீட்டரில் பேசியது.
காலம் அங்குலத்தில் திட்டினான்.
நான் விரலை நம்பினேன்:
விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்
சுண்டுவிரல் போனது, பெருவிரல் போகவில்லை.
“போதும். விரலை எடு.”

பகலில் ஆஸ்பத்திரி லேபில் அடுத்தவர் ரத்தம்.
என் நகக்கண்ணில் ஒட்டிய கரியைப் பார்த்து
மேலதிகாரி ரொவீனா
கையுறை இரண்டு போடச் சொன்னாள்.
எந்தக் கையைக் காப்பாற்ற என்று சொல்லவில்லை.

சான்றிதழுக்காக அடிலெய்டிலிருந்து வந்த
பொறியாளர் பெட்ரா நோவாக்
எஞ்சினைப் போட்டுக் காட்டச் சொல்லவே இல்லை.
மண்ணில் மண்டியிட்டு
சக்கரங்களுக்கு உள்ளே டார்ச் அடித்தார்.
“ஓடும், தெரிகிறது.
நிற்குமா?”

நிற்பதற்கு இரண்டாயிரத்து நானூறு டாலர் ஆனது.
குனிந்த மூக்கை நிமிர்த்தும் ஸ்பிரிங்குகளுக்குத் தனியாக.

நவம்பரில் கணவாய்.
நாலாம் கியர்.
முள் சூட்டின் பக்கம் சாயவே இல்லை.
ஒரு கேரவனைத் தாண்டினேன்,
பழக்கதோஷம், கையசைத்தேன்.
அவர் அசைக்கவில்லை.
இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
நேரே பார்த்தார்.
உச்சியில், காரணம் எதுவும் இல்லாமல்,
மூன்றுக்கு இறக்கினேன்.

திரும்பி வந்தபோது யார்டில் ஓர் ஆள்.
அவருக்கு ஆழ்துளைக் கிணற்றுக்கு
ஒரு டீசல் எஞ்சின் வேண்டுமாம்.
என் பழைய மூன்று லிட்டரைப் பலகைமேல் வைத்திருந்தார்கள்.
தண்ணீர்ப் பாட்டிலில் டீசல்,
என் வண்டியின் பேட்டரியிலிருந்து இரண்டு வயர்.
இருமியது, வெள்ளைப் புகை கக்கியது,
பிடித்துக்கொண்டது.

இழுக்க வண்டி இல்லை, ஏற ஏற்றம் இல்லை.
அதே பழைய சத்தம்.
பலகையோடு சேர்ந்து நடுங்கி
கேட்டுப் பக்கமாக ஒரு சாண்
தானாகவே நகர்ந்தது.

“என்ன விலை?” என்றார் வந்தவர்.
காலம் என்னைப் பார்த்தான்.