பிறைக் கூடை

பிறைத் தொழிற்பேட்டையில்
வாளிக்கும் வடிதட்டுக்கும் வடிவம் வரைவது
என் சம்பளம்.
இந்த மாதம் சொன்னார்கள்:
துணிக்கூடை. தூக்க சுகமாக இருக்கட்டும்.

சுகம் எத்தனை மில்லிமீட்டர் என்று
யாரும் எழுதித் தரவில்லை.

ஞாயிறு காலை
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் கீழே,
காசு போட்டால் துவைக்கும் டோபிக் கடை வாசலில்
அளவு நாடாவோடு நின்றேன்.
மூன்று பேர் பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள்.
மற்றவர்கள் இடுப்பைக் காட்டினார்கள்.

ரொஹாயா வயிற்றில் சாய்த்துத் தூக்குகிறாள்,
முன்னால் எதுவும் தெரியாமல்
பாதத்தால் படியைத் தேடுகிறாள்.
ஊய் வீட்டு மருமகளிடம் கூடையே இல்லை;
போர்வையில் முடிச்சுப் போட்டுத் தோளில் எறிந்துகொண்டு
எனக்கெதுக்கு உன் பிளாஸ்டிக் என்கிறாள்.
நாகவல்லிக்கு
இடது இடுப்பில் பிள்ளை, வலது இடுப்பில் கூடை,
பல்லிடுக்கில் சாவி.
அவளை அளந்தபோது நாடாவின் மறுநுனியைப்
பிள்ளைதான் பிடித்துக்கொண்டான்.

என் வீட்டில் துணி இறக்குவது கதிரேசன்.
அவர் இடுப்பில் எதுவும் நிற்காது, வழுக்கும்.
தலையில் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு நிலைப்படியிலும் குனிகிறார்.

காய்ந்த துணி மூன்று கிலோ.
துவைத்த பின் அதே துணி ஐந்து.
மின்தூக்கி பழுதான நாளில், ஒன்பதாம் மாடிக்கு,
எத்தனை என்று
தராசுக்குத் தெரியாது.

கைப்பிடித் துளையின் விளிம்பு
நான்கு விரலிலும் சிவப்புக் கோடு போடுகிறது.
சதுர மூலை இடுப்பெலும்பைக் குத்துகிறது.
அடியில் ஒழுகும் ஈரம்
சுடிதாரின் ஒரு பக்கத்தை மட்டும் நனைக்கிறது.

ஆகவே நீள்பக்கம் ஒன்றை உள்ளே தள்ளினேன்,
மூன்றாம் பிறை அளவுக்கு.
பிறையில் செய்வதால் பிறையா என்று
வரைபட அறையில் ஒரே சிரிப்பு.
கைப்பிடியை உருட்டினேன்.
அடியைக் கிண்ணமாக்கினேன், சொட்டும் நீர் அங்கேயே தங்க.
இடது இடுப்புக்கா வலதுக்கா என்று கேட்டார்கள்.
எந்தப் பக்கம் வைத்தாலும் வளைவு ஒன்றுதான்;
கை பழகிய பக்கம் போகட்டும் என்றேன்.

மாதிரி வந்தது, வெள்ளையாக,
விளிம்பில் இன்னும் பிசிறோடு.
நாகவல்லி ஈரத்துணியை அள்ளிப் போட்டாள்,
இடுப்பில் வைத்தாள், ஏறினாள்.
நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு.
நான்காம் மாடித் திருப்பத்தில் பிள்ளை கேட்டான்:
"அம்மா, இங்க நிக்கலியா?"

திங்கட்கிழமை.
மேலாளர் கோர் எதுவும் தூக்கிப் பார்க்கவில்லை.
ஒரு கூடையை இன்னொன்றுக்குள் இறக்கிப் பார்த்தார்.
கைப்பிடி இடித்தது, கிண்ணம் முட்டியது,
பாதியில் நின்றது.
பழையது ஒரு கண்டெய்னரில் நாலாயிரம்,
இது ஆயிரத்து அறுநூறு;
காற்றுக்கு நான் லோரி வாடகை கட்ட முடியாது என்றார்.
ஒன்றுக்குள் ஒன்று போகவேண்டும், அவ்வளவுதான்.
அவர் பேசியது ஆங்கிலம்.
என் காதில் விழுந்தது
அடங்கவில்லை என்று.

பட்டர்வொர்த் ஃபெர்ரியில்
பழைய ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
கைப்பிடியில் இரண்டு மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கலாம்.
கிண்ணத்தைச் சரிவாக்கலாம்.
வளைவைத் தொடாமல் இரண்டாயிரத்து எழுநூறு வரை வருகிறது.
தொட்டால் மூவாயிரம்.
ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
தீவு நெருங்கும்போது திரும்ப எடுத்தேன்.

மாதிரிகளை அரைத்துத் தூளாக்க வேண்டும்,
திருப்பித் தரச் சொல்லிக் கடிதம்.
மாலை ஒன்பதாம் மாடிக்கு ஏறி
நாகவல்லியின் கம்பிக் கதவைத் தட்டினேன்.
திறந்தாள்.
இடது இடுப்பில் பிள்ளை, பல்லிடுக்கில் சாவி.
கூடை வேண்டும் என்றேன்.
சாவியைக் கையில் துப்பிவிட்டு,
வலது இடுப்பில் அதை வைத்துக்கொண்டே
கேட்டாள்:
"எந்தக் கூடை?"