ஒரு பக்கச் சிறகு

நிமியா பஸ் ஏறிய மூன்றாம் நாள்
பதிவாளர் வேலி தாண்டிவிட்டார்.

பதிவாளர் எங்கள் ஆண் வாத்து.
கண்ணைச் சுற்றி யாரோ
அரக்கை உருக்கி ஊற்றி
முத்திரை குத்திய மாதிரி முகம்.
பெயர் வைத்தது அவள்தான்.
ருஃபினோவின் லாரியில் ஏறி நின்று
பக்கக் கண்ணாடிக்குள் தெரிந்த இன்னொரு பதிவாளரைக்
கொத்து கொத்தென்று கொத்த,
எழுபதாயிரம் குவாரனி தண்டம் அழுதேன்.

அன்றிரவு புவெனஸ் ஐரிசிலிருந்து அவள் குரல்:
"ஒரு சிறகை மட்டும் வெட்டு, டெல்மோ.
இரண்டையும் வெட்டினால் சமமாகிவிடும்,
சமமானால் எப்படியாவது பறக்கும்.
தண்டு நீலமாக இருந்தால் தொடாதே,
உள்ளே ரத்தம் ஓடுகிறது."
பின்னால் ஒரு கிழவரின் இருமல்.
அவரைக் குளிப்பாட்டும் வேலை அவளுக்கு.

நான் படகு எஞ்சின் பிரிப்பவன்.
போல்ட்டு தெரியும், இறகு தெரியாது.
துண்டைப் போட்டு அமுக்கினேன்.
நகம் இருக்கிறது இந்த வாத்துக்கு,
பூனையிடம் கடன் வாங்கியதைப் போல.
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
பதிவாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் விட்டார்.

கத்தாது இந்தச் சாதி.
ஆண் சீறும், அவ்வளவுதான்.
பெட்டைகள் மெல்லிய குரலில்
பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்கள் போல
எதையோ கேட்டபடி இருக்கும்.
மஸ்கோவி என்று உலகத்தில் பெயராம்,
ருஃபினோவின் மகள் படித்துச் சொன்னாள்.
பனியைப் பார்த்திருக்குமா?
இதே பராகுவே ஆற்று மரப்பொந்துகளில்
நமக்கு முன்பே குடியிருந்தது.
முகவரி மாற்றி ஒட்டிய பார்சல்.

ஈ குறைந்தது. கொசுவும் குறைந்தது.
மாமரத்தடி முழுக்க எச்சம்.
காலையில் ரப்பர் குழாயால் அடித்துக் கழுவி,
மரவள்ளித் தோலும் உடைத்த சோளமும் வைத்து,
தொட்டியில் தண்ணீர் மாற்றித்
திரும்பி வருவதற்குள் அது சேறு.

ஒரு நாள் ஆறு பெட்டையில் ஒன்று இல்லை.
நரி, என்றான் ருஃபினோ.
போனில் அவள் கேட்டாள்: எல்லாம் இருக்கா?
ஐந்தை எண்ணி
ஆறு என்றேன்.

பட்டறையில் டான் கிரிஸ்பினின் படகு கிடந்தது,
எஞ்சினைக் கழற்றி வைத்து ஒரு மாதம்.
ஸ்பேனர் தேடிக் குனிந்தேன்.
எஞ்சின் இருந்த குழியில்
தன் மார்புப் பஞ்சையே பிய்த்துப் பரப்பி
அவள் உட்கார்ந்திருந்தாள்.
சீறினாள். அடியில் பதினான்கு.

உதிரி பாகம் அசுன்சியோனிலிருந்து வரவில்லை
என்று கிரிஸ்பினிடம் சொன்னேன்.
அடுத்த வாரமும் சொன்னேன்.
இருபத்திரண்டாம் நாள் ருஃபினோ எட்டிப் பார்த்து,
"கூமுட்டை, எறி" என்றான்.
கோழி வளர்ப்பவன் கணக்கு அது.
இதற்கு முப்பத்தைந்து.

அவள் மேயப்போன நேரம் பார்த்து
ஒரு முட்டையை எடுத்துப் போன் விளக்கில் பிடித்தேன்.
சிலந்தி வலை மாதிரி நரம்பு.
நடுவில் ஏதோ உதறியது.
வீடியோவில் நிமியா பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை
மறந்தே போனேன்.
"அன்றைக்கே ஐந்துதானே இருந்தது?" என்றாள்.
"நீ பொய் சொல்லும்முன்
மூக்கால் ஒரு மூச்சு விடுவாய்."

முப்பத்தாறாம் நாள் காலை
கிரிஸ்பின் வந்தார், மச்சினனையும் கூட்டிக்கொண்டு.
கத்தத்தான் வந்தார்.
படகுக்குள் எட்டிப் பார்த்தார்.
தொப்பியைக் கழற்றினார்.
"பாகம் வந்துவிட்டதா?"
"பதினொன்று" என்றேன்.

மூன்று திறக்கவில்லை.
வாழை மரத்தடியில் புதைத்தேன்.
நிமியாவுக்குச் சேதி அனுப்பினேன்,
இன்னும் கேட்கவில்லை அவள்,
இது கிழவரைக் குளிப்பாட்டும் நேரம்.

வேலியோரம் பதிவாளர் குதித்துப் பார்க்கிறார்,
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து விழுகிறார்,
யாரும் பார்க்கவில்லையே என்று
வாலை ஆட்டிக்கொள்கிறார்.
பிடித்துச் சிறகை விரித்தேன்.
வெட்டிய இடத்தில் புதுத் தண்டு,
நீலமாய்.